சொல்லி எறிந்தவர்

மிஷன் பங்களாத் தோட்டக்காரர் எலும்பும் தோலுமாக இருப்பார். வாத்தியார்மார் நாங்கள் சாஃப்ட்பால் பழக, தினமும் அவர்தான் பந்தெறிவார். தோள்துண்டில் பந்தைத் துடைத்துவிட்டு, “சார், இது பதுங்கும்”, “இது எழும்பும்”, “இது மெல்ல வந்து ஏமாத்தும்” என்று சொல்லித்தான் எறிவார். அதைக் கேட்டுக் கேட்டே அடிக்கப் படித்தோம்.

பக்கத்துப் பள்ளி வாத்தியார்மாரோடு நடந்த போட்டிக்கு முந்தின நாள் அவர், “நானும் ஒருக்க அடிச்சுப் பாக்கட்டா சார்?” என்று கேட்டார்.

“ஏலே, நீயே எறி, நீயே அடி, நீயே ஓடிப் பொறுக்கு” என்றார் எங்கள் கேப்டன். உரக்கச் சிரித்தது நான்தான்.

அவர் பந்தைத் துடைத்தார். வாய் திறக்காமல் எறிந்தார். பத்துப் பந்தில் ஒன்றுகூட என் மட்டையில் படவில்லை.

“என்ன பந்துவே இது?” என்று கத்தினேன்.

“வந்தபெறவு தெரியும் சார்.”

மறுநாள் போட்டியில் எதிராளியும் சொல்லாமல்தான் எறிந்தான். மூன்று பந்தும் போச்சு; நான் அவுட். வேலிக்கு அப்பால் நின்ற தோட்டக்காரரின் உதடு அசைந்ததோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.