பை சோதனையில் நான் சொன்னது

என் மகள் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பிலேயே மாலுக்குப் போய்ப் படம் பார்க்காதவள் தான் ஒருத்திதான் என்று ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சொன்னாள். அழவில்லை, கேட்கவும் இல்லை. ஷூவைக் கழற்றிக்கொண்டே, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் எனக்கு உறுத்தியது. வர்ற ஞாயிற்றுக்கிழமை போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

திருவொற்றியூரில் ரயில் பாதையை ஒட்டி எங்கள் வாடகை வீடு. எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. எந்தப் பெட்டி உள்ளே வந்தது, எந்தப் பெட்டி வெளியே போனது என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டும். மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள்.

சாயங்காலம் அவள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் டிக்கெட் எடுத்தேன். முதலில் ஒரு விலை காட்டியது. சரி, மூன்று பேருக்குத் தாங்கும் என்று நினைத்து சீட்டைத் தொட்டேன். அடுத்த பக்கத்தில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் வசதிக் கட்டணம் என்று ஒன்று ஏறியிருந்தது. அந்தக் கட்டணத்துக்கு ஒரு வரி. கீழே ஏதோ நன்கொடை வேறு, நான் கேட்காமலே டிக் போட்டிருந்தது. அதை எப்படி எடுப்பது என்று தேடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டதாகச் சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தது.

மனைவி மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, மொதல்ல ஒரு ரேட்டு சொல்லிச்சி. இப்ப வேற காட்டுது?"

"போன்ல எடுத்தா அதுக்குத் தனி காசு."

"அவங்க வேலைய நாமளே செய்றோம், அதுக்கு நம்மகிட்டயே காசா?"

பணத்தைக் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அந்த யோசனையைச் சொன்னேன். சொன்னது நான்தான். இதை எழுதும்போது அதை மழுப்பக் கூடாது.

"உள்ள பாப்கார்ன் டிக்கெட்டவுட ஜாஸ்தியாம். நீ இறால் வடை சுட்டு டப்பால போட்டு எட்தாந்துடு. பைக்குள்ள அடியில வச்சி மேல துப்பட்டாவ போட்டுக்க."

"வெளி சாப்பாடு உள்ள வுடமாட்டாங்கன்னு சொல்றாங்களே?"

"அத நா பாத்துக்கறேன்."

மகள் பக்கத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலையில் நானே காசிமேட்டுக்குப் போய் இறால் வாங்கி வந்தேன். மனைவி உரித்து, அரைத்து, அடுப்படியில் வேர்த்து வழியச் சுட்டாள். மகள் பெரிய வகுப்புப் பெண்போலத் தலையைப் பின்னிக்கொண்டு, கிளம்பும் நேரத்துக்கு முன்பே வாசலில் நின்றாள்.

மாலில் பைக்கை நிறுத்தவே மணிக்கு இவ்வளவு என்று சீட்டு கொடுத்தார்கள். மேல்மாடிக்குப் போனோம். தியேட்டர் வாசலில் ஒரு மேஜை, நீலச் சட்டை போட்ட செக்யூரிட்டி பெண் ஒருத்தி. ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் முறை வந்தபோது தற்செயலாகத் திரும்பினேன். எங்களுக்குப் பின்னால் நாலைந்து பேர் தள்ளி எங்கள் யார்டு மேனேஜர், மனைவி பையனோடு நின்றுகொண்டிருந்தார். சூப்பர்வைசர் வேலைக்கு என் பெயரை மேலே எழுதி அனுப்பப் போவதாக அந்த மாதம்தான் சொல்லியிருந்தார். அவரைப் பார்த்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்தது.

செக்யூரிட்டி துப்பட்டாவை எடுத்தாள். டப்பாவை எடுத்தாள். மூடி கொஞ்சம் நெகிழ்ந்திருந்தது. ஏசி குளிரில் இறால் வாசம் அந்த இடம் முழுக்கப் பரவியது. பின்னால் யாரோ, "என்னப்பா ஸ்மெல் இது?" என்று கேட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"வெளி சாப்பாடு அலவ்டு இல்லை மேடம்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேனே, அதனால் பார்த்தாள்.

நான் சத்தமாகச் சொன்னேன்: "எத்தனை தடவை சொன்னேன், இதெல்லாம் எடுத்துட்டு வராதேன்னு? சொன்னா கேட்கவே மாட்டியா நீ?"

எங்கள் வீட்டில் நாங்கள் அப்படிப் பேசுவதே இல்லை. அது நான் ஆபீஸ் அறைக்குள் பேசுகிற தமிழ். வார்த்தை வார்த்தையாக, பின்னால் நாலைந்து பேர் தாண்டிக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "நைனா, நீதானே..."

அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். வலித்திருக்கும். வாயை மூடிக்கொண்டாள்.

மனைவி டப்பாவை வாங்கி மூடியை அழுத்தி மூடினாள். "நீங்க உள்ள போங்க. நா வரேன்," என்று சொல்லிவிட்டு வரிசையிலிருந்து விலகி நடந்தாள். அவளைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன்.

உள்ளே எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் சீட் காலியாகவே கிடந்தது. படம் ஓடியது. நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால், அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்றல்ல. ஒரு டிக்கெட் காசு வீணாகப் போகிறதே என்று நினைத்தேன். அந்த நினைப்பை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

இடைவேளையில் மகளுக்கு ஏதாவது வாங்கலாம் என்று வெளியே வந்தேன். கவுன்ட்டரில் எனக்கு முன்னால் மேனேஜர். விலைப்பலகையை அண்ணாந்துகூடப் பார்க்காமல் பெரிய டப்பா பாப்கார்னை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். என் முறை வந்ததும் கவுன்ட்டரில் இருந்த பெண், கூடக் கொஞ்சம் காசு போட்டால் கூல்டிரிங்ஸோடு காம்போ கிடைக்கும் என்றாள். சரி என்றேன். சீஸ் போடட்டுமா என்றாள். அதற்கும் சரி என்றேன். சீஸுக்குத் தனி விலை என்பது பில்லைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவிமேல் சத்தம் போட மட்டும் வந்திருந்தது.

அவளைத் தேடினேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பை சோதனை செய்த அதே செக்யூரிட்டி பெண். நடுவில் டப்பா, அதில் வடை ஒன்றுகூட மிச்சமில்லை.

"அண்ணா, வடை சூப்பரா கீது," என்றாள் அந்தப் பெண், எழுந்து சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே. "நானும் உங்க பக்கத்துல எர்ணாவூருதான். தப்பா எடுத்துக்காதீங்க, கேமரா கீது, வுட்டா என் வேலை பூடும்."

அவளுக்கு என்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. தன்மேல் தப்பு இருப்பதுபோலப் பேசினாள். நான் காம்போவைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன்.

"வா, படம் ஆரம்பிச்சிடப் போறாங்க," என்று மனைவி எழுந்தாள். மீதிப் படத்தை அவள் கவனமாகப் பார்த்தாள். மகள் நீட்டியபோது இரண்டு பாப்கார்ன் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பைக் டோல்கேட் தாண்டி லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் மனைவி பின்னாலிருந்து சொன்னாள்:

"பாஷ கூட மாறிப்போச்சே அங்க உனக்கு."

அவ்வளவுதான். லாரி நகர்ந்தது.

திங்கட்கிழமை, பெட்டிகளை வெளியே விடும் கேட் சீட்டுகளில் கையெழுத்து வாங்க மேனேஜர் அறைக்குப் போனேன். "சார், நேத்து மாலுக்கு வந்திருந்தீங்களே," என்று நானே ஆரம்பித்தேன். ஏன் ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

"அட, நீங்களும் வந்திருந்தீங்களா? பார்க்கவே இல்லையே," என்றார். "பையன் போன்ல பாப்கார்ன் ஆர்டர் பண்றப்போ பேமென்ட் எரர் வருதுன்னு படுத்திக்கிட்டே இருந்தான். போனையே பார்த்துக்கிட்டு நின்னேன்."

யாருக்காக அப்படிப் பேசினேனோ அவர் காதில் அது விழவே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அன்று முழுக்கப் பெட்டி எண்களைத் தப்புத் தப்பாக எழுதினேன்.

சாயங்காலம் மனைவியிடம், "நேத்து நா பேசனது தப்பு," என்றேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் உன்ன. என்னாண்ட இன்னாத்துக்குச் சொல்ற? நம்ம பொண்ணாண்ட சொல்லு. அதுதான் பாத்துகினு இருந்திச்சி."

மகளிடம் போனேன். வீட்டுப்பாட நோட்டிலிருந்து அவள் தலையைத் தூக்கவில்லை.

"நைனா நேத்து பொய் சொல்லிட்டேன்மா."

"தெரியும் நைனா," என்றாள். தமிழ்ப் பாடத்தில் ஒரு எழுத்தை ரப்பரால் அழித்து மறுபடி எழுதினாள். மன்னித்தாளா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மாவோடு சேர்ந்து மனைவியும் மகளும் தண்டையார்பேட்டைப் பக்கம் சின்னத் தியேட்டர் ஒன்றில் படம் பார்க்கப் போயிருந்தார்கள். கவுன்ட்டரில் நின்று டிக்கெட் வாங்கினார்களாம். திரும்பி வந்ததும் மகள் கதையை ஒரு காட்சி விடாமல் எனக்குச் சொன்னாள். மனைவி சிரித்துக்கொண்டே திருத்தினாள். சொல்லியிருந்தால் நானும் வந்திருப்பேனே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. முகம் கழுவப் போய்விட்டேன்.