கூட்டினால் பூஜ்யம்

அந்தத் தாளில் பெரும்பாலும் பூஜ்யங்கள்தான் இருந்தன. தில்லியில் நான் வேலை பார்த்த மரபணு ஆய்வகத்தின் சுவரில் அதை நீளமாக ஒட்டியிருந்தாள், என்னோடு ஆய்வு செய்துகொண்டிருந்த ஜனக்புரிக்காரி. ஒவ்வொரு வரிசையும் ரத்தம் கொடுத்த ஒரு மனிதர். ஒவ்வொரு பத்தியும் அவருடைய மரபணுவில் ஓர் இடம். அங்கே மாற்றம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். எல்லாமே நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் இருக்கும் அரிய மாற்றங்கள். அவள் ஸ்டூலில் ஏறி நின்று, அந்த ஒன்றுகளைத் தேடித் தேடிச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவாள்.

காமன்வெல்த் விளையாட்டுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்த காலம் அது. நான் மதுரையில் புள்ளியியலில் தங்கப் பதக்கம் வாங்கிக்கொண்டு வந்தவள். அவளோ தில்லியிலேயே பிறந்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். கணக்கில் எனக்குக் கீழேதான் என்று எண்ணியிருந்தேன். ஆனால் இந்த மாற்றங்களுக்கும் ரத்தக் கொழுப்புக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க வழி சொன்னது அவள்தான்.

"குவார்ட்டர்ஸ்ல ஒரு வீட்டுக்காரர் மட்டும் கம்ப்ளெயின்ட் பண்ணினா எஞ்சினியர் வரமாட்டார். பிளாக்கே சேர்ந்து எழுதினா ஜல்தி வருவார். அதே மாதிரி ஒரு ஜீன்ல இருக்கிற எல்லா மாற்றத்தையும் கூட்டிடலாம்" என்றாள். வெளிநாடுகளிலும் சிலர் அப்படித்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். எங்கள் தலைவரான டாக்டர் "வாஹ்!" என்று மேசையைத் தட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு வருடமாக அந்த மனிதர் என் பெயரைச் சரியாக உச்சரித்ததுகூட இல்லை.

அவள் கூட்டினாள். தொடர்பே இல்லை என்று விடை வந்தது. எனக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. சில மாற்றங்கள் கொழுப்பைக் கூட்டுகின்றன, சில குறைக்கின்றன. ஒரு வீட்டில் சொட்டுத் தண்ணீர் வராமல், அடுத்த வீட்டில் தொட்டி நிரம்பி வழிந்தால், இரண்டையும் கூட்டிப் பார்க்கிறவனுக்குக் குறையே தெரியாது. ஒவ்வொரு மாற்றமும் எவ்வளவு இழுக்கிறது என்பதை முதலில் வர்க்கமாக்கி, அப்புறம் கூட்ட வேண்டும். வர்க்கத்துக்கு மைனஸ் கிடையாதே! யாருக்கும் தெரியாமல் போட்டுப் பார்த்தேன். தொடர்பு பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் தாள்களோடு என்னிடம் வந்தாள். "அரே, நீ கணக்குல புலி. எங்க தப்பு பண்றேன்னு பார்த்துச் சொல்லேன். இது சரியா வரலேன்னா டாக்டர் சாப் இந்த டாபிக்கையே நிறுத்திடுவார். மூணு வருஷ வேலை."

சொன்னால் அவள் ஆய்வு பிழைத்துவிடும். கட்டுரையில் அவள் பெயர் முதலில் வரும். தாள்களை வாங்கி அரைமணி நேரம் பார்ப்பதுபோல் பார்த்தேன். "தெரியலைப்பா" என்றேன்.

இரண்டு மாதத்தில் அவள் ஆய்வை விட்டுவிட்டு குர்கானில் மென்பொருள் வேலைக்குப் போய்விட்டாள். அவள் சேர்த்த தரவை வைத்து நான் கட்டுரை எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று நானும் சும்மா இருந்தேன். பிறகு வெளிநாட்டுக்காரர்கள் அதே முறையை எழுதிவிட்டார்கள். படித்தபோது குற்றவுணர்ச்சி வந்தது என்று சொல்ல ஆசைதான். அவர்கள்மீதும் பொறாமைதான் வந்தது.

இப்போது வருடாவருடம் அந்த முறையைத்தான் மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறேன். போன மாதம் சரோஜினி நகர் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். டீ குடித்துக்கொண்டே, ஏன் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட்டாய் என்று கேட்டேன்.

"டாக்டர் சாப் சொன்னதுக்கெல்லாம் விட்டிருப்பேனா? நீ அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தியே! உனக்கே தெரியலேன்னா அதுல ஒண்ணுமே இல்லேன்னு புரிஞ்சுது. நிம்மதியா கிளம்பிட்டேன்" என்று சிரித்தாள்.

அந்த நிம்மதியின் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.