டிராகனுக்கு மாமா போட்ட சட்டம்

என் டிராகனுக்குப் பதினாறு சக்திகள் இருந்தன. என் வகுப்புத் தோழியின் டிராகனுக்குப் பதினான்குதான். அந்த இரண்டு சக்தி வித்தியாசத்தை நினைத்து நினைத்தே 2013ஆம் ஆண்டு ஜனவரி விடுமுறையின் முதல் வாரத்தை நான் மிக மகிழ்ச்சியாகக் கழித்தேன்.

எனக்கு அப்போது பத்து வயது. சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. தோழிக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. விடுமுறையில் ஆளுக்கொரு டிராகன் உலகத்தைச் சட்டதிட்டங்களோடு எழுதிக்கொண்டு வர வேண்டும். பள்ளிக்கூடம் தொடங்கும் முதல் நாள் மதிய இடைவேளையில் இரண்டு டிராகன்களும் மோதும். தோற்றவள் வென்றவளின் உலகத்தில் வருடம் முழுக்க அடிமை. சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்தால் அந்த இடத்திலேயே தோல்வி. இந்தக் கடைசி வரியை எழுதியது நான்தான்.

அம்மா முதியோர் இல்லத்தில் வேலை, அப்பா வேர்ஹவுஸில். பகலில் வீட்டில் என்னோடு இருந்தவர் மாமா. அம்மாவின் தம்பி. இலங்கையிலிருந்து படகில் வந்து, சில மாதம் முகாமில் இருந்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஹோலில் இருந்த சோபாதான் அவருடைய கட்டில். ஜனவரி கடைசியில் அவருக்கு அகதி விசாவுக்கான இன்டர்வியூ. அதில் அவர் சொல்வதை நம்பினால் இங்கே இருக்கலாம், நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது எனக்கும் தெரியும். பள்ளிக்கூடச் சோதனை மாதிரி ஏதோ ஒன்று, படித்தால் பாஸ் பண்ணிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அப்பாதான் அவரைப் படிப்பித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்ததும் இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவார்கள். நான் எட்டிப் பார்த்தால் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் அப்பாவின் குரல் கதவைத் தாண்டிக் கேட்கும்.

"தம்பி, வெள்ளைக்காரனிட்டைப் போய் அமாவாசை கழிஞ்சு நாலாம் நாள் எண்டு சொல்லேலாது. திகதி சொல்ல வேணும். ஒரு திகதி பிசகினாலும் பொய் சொல்லுறான் எண்டுதான் நினைப்பாங்கள்."

மாமா பதினைந்து வயதில் கடலுக்குப் போனவர். நிலவை வைத்துத்தான் அவருக்கு நாளும் பொழுதும். ஏப்ரல், மே எல்லாம் அவருக்கு யாரோ தெரியாத வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள்.

ஒரு நாள் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, பெருமை தாங்காமல் என் டிராகனின் பதினாறு சக்திகளையும் வாசித்துக் காட்டினேன். நெருப்பு, பனிக்கட்டி, இடி, மறைவது, மற்றவர்களின் மனதுக்குள் நுழைவது என்று நீண்ட பட்டியல். மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"எல்லாம் செய்யுமெண்டால் உந்தப் பறக்கிற முதலை ஏன் சண்டைக்குப் போகுது? பேசாமல் வீட்டிலை படுத்திருக்கலாமே."

"முதலை இல்லை மாமா, டிராகன்!"

"சரி, டிராகன். அது எங்கை தண்ணி குடிக்கும்?"

"அதுக்குத் தண்ணி தேவையில்லை. அது மஜிக்."

"மஜிக் எண்டாலும் தண்ணி வேணும், பிள்ளை. கடலுக்கு மேலாலை பறக்குதெண்டு எழுதியிருக்கிறாய். சுத்திவரத் தண்ணி, ஒரு சொட்டு வாயிலை வைக்கேலாது. பிறகு என்ன செய்யும்?"

எனக்குக் கோபமான கோபம். ஆனால் இது ஓட்டை. தோழி கண்டுபிடிக்கும் முன் மாமா கண்டுபிடித்துவிட்டார், அவ்வளவுதான். அன்றைக்கே உட்கார்ந்து சட்டத்தை மாற்றினோம். ஒரு முறை நெருப்புக் கக்கினால் ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர் செலவு. கடலைக் கடப்பதா, எரிப்பதா என்று டிராகன் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். அடுத்த நாள் பனிக்கட்டி போனது. அதற்கடுத்த நாள் இடியும் மனதுக்குள் நுழைவதும் போயின. பனிக்கட்டி போன அன்று நான் அழுதேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வார முடிவில் என் டிராகனிடம் நெருப்பும் மறைவதும் மட்டும்தான் மிஞ்சின. பதினாறிலிருந்து இரண்டு! ஆனால் அந்த இரண்டையும் யாராலும் அசைக்க முடியாது என்று மாமா சத்தியம் செய்தார்.

நிலவு விஷயத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. பறுவத்தன்று, அதாவது முழுநிலவன்று, டிராகனுக்கு உச்ச பலம் என்று நான் எழுதியிருந்தேன். எந்த மந்திரக் கதையிலும் அப்படித்தானே? மாமா ஒரேயடியாகத் தலையை ஆட்டினார்.

"பறுவத்திலை அது வெளிக்கிடவே கூடாது. நிலவிலை மீனே வலையைக் கண்டு விலகிப் போயிடும். இவ்வளவு பெரிய சாமானைக் காணாமல் விடுவாங்களோ? அமாவாசைதான் அதுக்கு நல்ல நாள்."

"பயந்தாங்கொள்ளி டிராகன்தான் இருட்டிலை போகும்."

"பயமில்லாட்டி ஏன் மறையிற சக்தி குடுத்தனி?"

கடைசியில் பாதிக்குப் பாதி என்று ஒத்துக்கொண்டோம். பறுவத்தில் நெருப்பு இரண்டு மடங்கு, ஆனால் மறையவே முடியாது. அமாவாசையில் மறையலாம், ஆனால் நெருப்பு இல்லை. இனி இதை மாற்றக்கூடாது என்று என் கையில் அடிக்கவைத்து உறுதி வாங்கிக்கொண்டேன்.

அப்படியென்றால் என் உலகத்துக்கு ஒரு கலண்டர் வேண்டும். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் வருடா வருடம் முருகன் படம் போட்ட கலண்டர் தருவார்கள். பறுவத்துக்கு வெள்ளை வட்டம், அமாவாசைக்குக் கறுப்பு வட்டம். புது வருடத்துக்கான கலண்டர் ஹோலில் தொங்கியது. பழையது குசினிக் கதவுக்குப் பின்னால் கிடந்தது. முடிந்துபோன வருடம் யாருக்கு வேண்டும்? கத்தரிக்கோலை எடுத்து, நிலவு இருந்த இருபத்தைந்து சதுரங்களையும் வெட்டி, வரிசை தப்பாமல் என் டிராகன் கொப்பியில் ஒட்டினேன். வெள்ளை நிலவுகளுக்கெல்லாம் நெருப்பு நிறத்தில் சிவப்பு ஃபெல்ட் பேனையால் அழுத்தி அடித்தேன். கறுப்புக்குக் கறுப்பு. சதுரங்களில் அங்கங்கே அப்பாவின் பென்சில் எழுத்து இருந்தது. அச்சுத் தமிழே நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அப்பாவின் கையெழுத்து எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி. பால், பாண் என்று ஏதாவது எழுதியிருப்பார் என்று, திகதியோடு சேர்த்து அதன் மேலேயும் நிறத்தை அடித்துவிட்டேன்.

சனிக்கிழமை பகல் அப்பா அந்தக் கலண்டரைத் தேடினார். லோயரிடம் கொடுக்க வேண்டிய ஸ்டேட்மென்ட்டை அன்றைக்கு எழுதி முடிப்பதாக இருந்தது. கதவுக்குப் பின்னால் இருந்து எடுத்து விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பன்னிரண்டு மாதமும் சல்லடை.

"ஆர் இந்த வேலை பாத்தது?"

"வேறை ஆர்? உங்கடை செல்லந்தான்," என்றார் அம்மா.

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதிரையில் உட்கார்ந்து, ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "ரெண்டு மாசம். ரெண்டு மாசமா இருந்து எழுதினது," என்றார். மாமாவின் நிலவுக் கணக்கைக் கேட்டுக் கேட்டு, எந்த நாளில் என்ன நடந்தது என்று சதுரம் சதுரமாக அவர் எழுதி வைத்திருந்தது அதில்தான். நான் ஓவென்று அழத் தொடங்கினேன். மாமா திருப்பி அனுப்பப்படப் போகிறார், அதுவும் என் கத்தரிக்கோலால்.

மாமா கலண்டரை வாங்கிப் புரட்டினார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"அத்தான், பறுவமும் அமாவாசையும் மட்டும்தான் போயிருக்கு. ஓட்டை எந்தக் கட்டத்திலை இருக்கோ அதுதானே திகதி? கொப்பியைக் கொண்டு வா பிள்ளை. எது கறுப்பு, எது வெள்ளை எண்டு நீதான் சொல்ல வேணும்."

இப்படித்தான் சாத்திய கதவுக்கு உள்ளே எனக்கு முதல் தடவையாக இடம் கிடைத்தது. அம்மா என்னை வெளியே அனுப்பப் பார்த்தார். ஆனால் ஒட்டிய வரிசை எனக்குத்தான் தெரியும், என்ன செய்வது! கதிரையில் முழங்காலிட்டு நின்று, மாதம் மாதமாக வாசித்தேன். மாமா சொல்லச் சொல்ல அப்பா எழுதினார்.

"இந்தக் கறுப்பிலைதான் வெளிக்கிடுறதெண்டு ஏஜென்ற் சொன்னவன். ரெண்டு வள்ளம். டீசல் வரேல்லை, எஞ்சின் சரியில்லை எண்டு இழுத்து இழுத்து..." மாமாவின் விரல் கொப்பியில் அடுத்த நிலவுக்கு நகர்ந்தது. அந்தச் சிவப்பு நிலவுக்குக் கீழே ஒரு நகரமே எரிந்துகொண்டிருந்தது. நான் நன்றாக வரைந்திருந்த பக்கம். "இதிலைதான் ஏத்தினவன்."

"பறுவத்திலையோ?" என்றார் அப்பா.

"ஓம் அத்தான். கடல் பகல் மாதிரிக் கிடந்தது. ஒரு கிழமை பொறுப்பம், நிலவு தேயட்டும் எண்டு நான் சொன்னனான். ஆர் கேட்டது? பின்னாலை வந்த வள்ளத்தை நேவி கண்டிட்டுது. லைற் அடிச்சதும் வெடிச் சத்தமும்தான் எங்களுக்குத் தெரியும். எங்களைக் காணேல்லை."

"அதிலை ஆர் இருந்தது?" அம்மா மெதுவாகக் கேட்டார்.

"என்ரை கூட்டாளி. பதினாறு வருசம் ஒரே வள்ளத்திலை தொழிலுக்குப் போனனாங்கள். ஏத்தேக்கைதான் ஆளுக்கொரு வள்ளமாப் பிரிச்சு விட்டவங்கள்."

"பிறகு?"

"தெரியாது, அக்கா. இண்டைவரைக்கும் தெரியாது."

அப்பா திகதியை எழுதினார். அம்மா எழுந்து குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். யாரும் என் எரிகிற நகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு மனத்தாங்கல். ஆனால் அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று இருந்தது, அதை அடக்க முடியவில்லை.

"மாமா, பாத்தீங்களே? பறுவத்திலை மறைய ஏலாது. எங்கடை ரூல் சரி!"

"ஓம் பிள்ளை," என்றார் மாமா. "சரியாத்தான் இருக்கு."

இன்டர்வியூ அன்று காலை அப்பாவின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாமா ஹோலில் இருந்தார். சட்டை தோளில் பெரிதாக இருந்தது. அப்பா காரை எடுக்கக் கீழே போயிருந்தார். நான் மேசையில் டிராகன் கொப்பிக்கு நிறம் அடித்துக்கொண்டிருந்தேன். மாமா பக்கத்தில் வந்து, தானாகவே பக்கங்களைப் புரட்டி, எரியும் நகரத்தில் நிறுத்தினார்.

"இந்த ஒரு பறுவத்துக்கு மட்டும் கறுப்பு அடிச்சு விடுறியோ?"

"ஏன்?"

"அண்டைக்கும் அது மறையட்டுமே. ஒரு நாள்தானே."

"ஏலாது மாமா. கையிலை அடிச்சுச் சொன்னீங்கள். ஒண்டை மாத்தினால் பிறகு எல்லாத்தையும் மாத்தச் சொல்லுவீங்கள். ரூல் எண்டால் ரூல்தான்."

"ஓம், அதுவும் சரிதான்," என்று என் தலையைத் தடவிவிட்டு, சப்பாத்தைப் போடப் போனார்.

இன்டர்வியூ மூன்று மணித்தியாலம் நடந்ததாம். சொன்ன திகதிகள் எல்லாம் ஒத்துவந்ததாம். குளிர்காலத்தில் கடிதம் வந்தது. மாமா இருக்கலாம் என்று இருந்தது. அம்மா கடிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் பாயசம் காய்ச்சினார். அடுத்த வருடம் மாமா மெல்பேர்னுக்கு வேலைக்குப் போனார். கூட்டாளியைப் பற்றி அவருக்கு எந்தத் தகவலும் கடைசிவரை கிடைக்கவில்லை. என் டிராகன் யாரோடும் மோதவும் இல்லை. பள்ளிக்கூடம் தொடங்கியபோது தோழி குதிரைகளுக்கு மாறியிருந்தாள்; டிராகன் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று சொல்லிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

எங்கள் வீட்டில் இருந்த அத்தனை மாதத்திலும் மாமா யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் கேட்கமாட்டார். என்னிடம்தான் கேட்டார், அதுவும் ஒரேயொரு நாள். அந்த ஒரு வட்டத்துக்கு நான் கறுப்பு அடித்திருந்தால், என் கொப்பியிலாவது இரண்டாவது வள்ளம் போய்ச் சேர்ந்திருக்கும். அவர் கேட்டது அதைத்தான் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. பேனை என் கையில்தான் இருந்தது. கறுப்புத்தான்.