‘டிக்’ என்றால் மாட்டியிருக்க வேண்டும்

நாற்காலியை இழுத்துப் போட்டாலும் உட்காரமாட்டார் கொக்கி மேடம். சம்பந்தி வீடோ, பல் டாக்டரின் வரவேற்பறையோ, முதலில் சுவரோரம் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அங்கே சொருகியிருக்கும் பிளக்கை ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்துவிட்டால் தொலைந்தது. “இது என்னங்க பிளக்கு? சும்மா ஒப்புக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு!” என்று வீட்டுக்காரர்களைப் பிடித்துக்கொள்வார், ஏதோ அவர்களே உட்கார்ந்து அதைச் செய்ததுபோல. சம்பந்தி வீட்டில் அப்படி இழுத்ததில், கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் டிவி நின்றுபோனது. மாப்பிள்ளை இன்னும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. மேடம் அதையெல்லாம் சட்டை செய்வதில்லை.

மின்சாதனங்களின் ஒயர் முனையில் இருக்கும் சின்னஞ்சிறு பிளக்கையும், அது போய் உட்காரும் துளையையும் வடிவமைப்பதுதான் அவர் தொழில். கட்டைவிரல் அளவுதான் பிளக். அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி. உள்ளே தள்ளினால் பள்ளத்தில் விழுந்து ‘டிக்’ என்று சத்தம் போடும். பிறகு பொத்தானை அமுக்கினால்தான் விடும். அந்தக் கொக்கியின் நீளத்தோடும் சரிவோடும் மல்லுக்கட்டியே தலை நரைத்தவர். பெயரைச் சொல்லிக் கேட்டால் தொழிற்சாலையில் பாதிப்பேர் விழிப்பார்கள். கொக்கி மேடம் என்றால் வாசல் காவலாளியே மாடியைக் காட்டுவார்.

கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, நாலைந்து பிளக்குகள் கிடக்கும். பேருந்தில் உட்கார்ந்தால் ஒன்றை எடுத்து மாட்டுவதும் கழற்றுவதுமாக வருவார். பக்கத்து இருக்கைக்காரர் முறைத்தால், “சத்தம் நல்லா இருக்குல்ல?” என்று கேட்பார். அந்த மனுஷர் அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறிவிடுவார்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கோபம் வந்தால் மற்றவர்கள் மரியாதையைக் குறைப்பார்கள், இவர் கூட்டுவார். சின்ன வயது மேனேஜரைச் சாதாரணமாக “தம்பி” என்பவர், சில நாட்களாக “சார்” என்றுதான் கூப்பிடுகிறார். கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மூச்சுவிடச் சிரமப்படுகிறவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும் சுவாச இயந்திரத்துக்கு மேடம் ஒரு பிளக் செய்து கொடுத்திருந்தார். கழற்றக் கஷ்டமாக இருக்கிறது, நகம் உடைகிறது என்று புகார் வந்ததாம். நியாயமான புகார்தான். பொத்தானைப் பெரிதாக்கினால் முடிந்தது வேலை. மேடம் விடுப்பில் இருந்த நேரம் பார்த்து மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? பொத்தானை எடுத்துவிட்டு, கொக்கியையும் பாதியாக வெட்டிவிட்டார். “அந்த டிக் சத்தம் மட்டும் போயிடக் கூடாது, வாங்கறவங்களுக்கு அதுதான் நம்பிக்கை” என்று வேறு சொல்லியிருக்கிறார். ஆகவே சத்தம் இருக்கிறது, பிடி இல்லை! இதைச் செய்ய ஒரு கூட்டம், அதற்குக் கைதட்டல் வேறு. கேட்கிற நமக்கே வயிறு எரிகிறது, பெற்றவருக்கு எப்படி இருக்கும்?

“டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு மேடம்,” என்றார் மேனேஜர்.

“டெஸ்ட் பண்ற மெஷின் நேராத்தானே சார் இழுக்கும்? வீட்டுல எந்தக் காலு நேரா இழுக்குது? பக்கவாட்டுலதான் தட்டும்.”

“ஒயர் கழண்டா அலாரம் அடிக்கும்ல?”

“அடிக்கும். தனியாப் படுத்திருக்கறவங்க மூச்சில்லாம எழுந்து வந்து மாட்டணும். அப்படித்தானே சார்?”

“எமோஷனலாப் பேசாதீங்க மேடம்.”

இந்த ஒரு சொல்லைக் கண்டுபிடித்தவனை என்ன செய்தால் தகும்? கணக்குச் சொன்னாலும் எமோஷனல், காரணம் சொன்னாலும் எமோஷனல். மேடம் புது மாதிரி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

வீட்டில் நாத்தனார் இருக்கிறார். நுரையீரல் கெட்டுப்போனபின் இவர்களோடு வந்து தங்கியவர். கட்டிலோரம் அதே சுவாச இயந்திரம், மேடத்தின் பழைய பிளக்கோடு. புது மாதிரியை மேடம் இயந்திரத்தின் பக்கமே கொண்டுபோகவில்லை. அதே அறையிலிருந்த மேசை விசிறியின் ஒயரில் அதற்கான துளையோடு பொருத்தி, நாத்தனாரையே மாட்டச் சொன்னார். ‘டிக்’ என்றது. “ஆங், மாட்டிக்கிச்சு,” என்றார் நாத்தனார்.

மறுநாள் காலை மேடத்தின் கணவர் வழக்கம்போலப் பெருக்க வந்தார். துடைப்பம் ஒயரில் பக்கவாட்டில் லேசாகத் தட்டியது. விசிறி நின்றது.

“நீங்க ஒரு இடத்தை உருப்படியாப் பெருக்கியிருக்கீங்களா அண்ணா?” என்று கேலி செய்யத்தான் வாயைத் திறந்தார் நாத்தனார். பாதியில் சிரிப்பு போய்விட்டது. விசிறியைப் பார்த்தார். பிறகு கட்டிலோரத்து இயந்திரத்தைப் பார்த்தார்.

“டிக்குன்னுச்சே அண்ணி? நல்லா மாட்டிக்கிச்சுன்னுதானே நெனச்சேன்?”

மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களுக்கு இந்தப் பிளக்கு வராது. யாருக்கும் வரவிட மாட்டேன்,” என்றார். சொல்லும்போதே பயமாக இருந்தது. இயந்திரம் செய்கிறவர்கள் அன்று மதியமே மாதிரிகளைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் தலையாட்டிவிட்டால் வீடுவீடாகப் போய்விடும்.

அலுவலகத்தில் கூட்ட அறை மேசைமேல் தட்டு நிறைய புது பிளக்குகள் தயாராக இருந்தன. மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கட்டரை எடுத்து, பிளக்கில் மீதியிருந்த குட்டைக் கொக்கியை நறுக்கென்று வெட்டினார். அடுத்ததை எடுத்தார்.

மேனேஜர் உள்ளே வந்து பதறிப்போனார். “என்ன மேடம் பண்றீங்க? டிக் சத்தமே வராதே!”

“வராது.”

“அவங்க மாட்டிப் பார்த்துட்டு, மாட்டிக்கிச்சா இல்லையான்னு கேப்பாங்களே?”

“கேக்கட்டும் சார். டிக்குன்னா கேக்கவே மாட்டாங்க, அதுக்குத்தான்.”

வெளியே கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. மேனேஜர் தட்டுக்குக் கை நீட்டினார். மேடம் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கடைசி பிளக்கின் கொக்கியையும் வெட்டினார். துளைக்குள் தள்ளிப் பார்த்தார். சத்தமில்லை. அதை அப்படியே கொண்டுபோய், வருகிறவர்கள் உட்காரப்போகும் நாற்காலிக்கு நேராக வைத்தார்.