கீழ்ப்பக்கம் வெட்டிய முள்ளங்கி

குவாபாரா இசோவின் பெயர் எங்கள் ஸ்டூடியோவின் எந்தப் பட டைட்டிலிலும் வந்ததில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் எங்கள் படங்களில் யார் எதைச் சாப்பிட்டாலும் அது அவர் சமைத்தது. செட் சாமான்களில் தின்று தீர்ந்துபோகிறவற்றை ‘மறையும் சாமான்’ என்போம். அதற்குப் பொறுப்பு அவர்.

முதலில் கேன்டீனில்தான் இருந்தார். ஒருநாள் சாமான் அறைக்காரர் மெழுகில் செய்த கானாங்கெளுத்தி மீனை ஏந்திக்கொண்டு அந்த வழியாகப் போனார். “இந்த மீனைப் பாத்து எந்தப் பூனை திரும்பிப் பாக்கும்?” என்று இசோ கேட்டார். மறுவாரம் செட்டுக்குப் பின்னால் கரி அடுப்போடு அவரே உட்கார்ந்திருந்தார்.

கதைப்பிரதி கைக்கு வந்ததும், அந்த வீட்டில் சமைப்பது யார் என்றுதான் முதலில் பார்ப்பார். மாமியார் சமைக்கும் வீடென்றால் சூப் உப்புத் தூக்கலாக இருக்கும். புதுமருமகள் என்றால் வெங்காயத்தாள் ஒரே அளவாக நறுக்கியிருக்கும். மனைவி இல்லாதவன் வீட்டுச் சோற்றை லேசாக அடிப்பிடிக்க விடுவார். வாசனை படத்தில் விழாதே என்று யாராவது சொன்னால், “நடிக்கிறவர் மூக்குல விழும்ல” என்பார்.

1957-இல் டைரக்டர் கடோகுரா ஒரு அப்பா, மகன் கதை எடுத்தார். அம்மா இறந்துபோன வீடு. இரண்டு பேருக்கும் மூன்று மாதமாகப் பேச்சில்லை. காலைச் சாப்பாட்டுக் காட்சிக்குப் பிரதியில் ஒரே வரிதான்: இருவரும் சாப்பிடுகிறார்கள், ஊறுகாய் கடிக்கும் சத்தம். தவிட்டில் ஊறிய மஞ்சள் முள்ளங்கி, ஆளுக்கு இரண்டு துண்டு. கடோகுரா சத்தத்தை அங்கேயே பதிவு செய்வார். பிறகு சேர்ப்பது அவருக்குப் பிடிக்காது.

அப்பாவாக நடித்தவர் முகாய் ஷின்சாகு. முப்பது வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரர், தபால்காரர் என்றே நடித்தவருக்கு முதல்தடவையாக ஒரு பெரிய வேஷம் வந்திருந்தது. படப்பிடிப்புக்கு நான்கு நாள் முன்னால் இசோவின் அடுப்படிக்கு வந்து நின்றார்.

“இசோ சான், ஒண்ணு காட்டணும். சிரிக்கக் கூடாது.”

“சிரிப்பு வந்தா சிரிப்பேன்.”

முகாய் கைக்குட்டையை வாயருகே கொண்டுபோய் மேல்வரிசைப் பல் முழுவதையும் கழற்றினார். இசோ சிரிக்கவில்லை.

“போன மாசம்தான் கட்டினது. முள்ளங்கியக் கடிச்சா பல்செட்டு கழண்டு வந்துடுது. டைரக்டருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். சைக்கிள் ஓட்ட வரலன்னு போன படத்துல ஒருத்தரை மாத்தினாரே. வேகவெச்சு மஞ்சள் ஏத்திக் குடுத்துடுங்களேன்.”

“வெந்ததை மெல்லுறவர் கழுத்து அசையாது. பொய்ச் சாப்பாட்டை நான் யாருக்கும் வெச்சதில்ல, முகாய் சான். சாயங்காலம் வாங்க, பாப்போம்.”

கெட்டியான காய் வேகவும் கடிபடவும் எங்கள் ஊர்ச் சமையல்காரர்கள் அதன் அடிப்பக்கத்தில் கத்தியால் கீறிவிடுவது வழக்கம்; இசோ அதையே செய்தார். மூன்று சாயங்காலம் முகாய் வந்து கடித்துப் பார்த்தார். கீறலின் ஆழம் கூடினால் துண்டு சாப்பிடும் குச்சியிலேயே முறிந்தது. குறைந்தால் பல் நகர்ந்தது. மூன்றாம் நாள், பாதிக்கும் சற்றுக் குறைவான ஆழத்தில் குறுக்கும் நெடுக்குமாக இசோ கீறியதை முகாய் கடித்தார். சத்தம் வந்தது, பல் அசையவில்லை.

“உங்களைக் கும்பிடணும்.”

“முதல்ல முழுங்குங்க.”

படப்பிடிப்பு நாளில் ஒத்திகை பார்த்தார்கள். கடோகுராவின் கேமரா எப்போதும் பாய்க்கு ஒரு சாண் மேலே இருக்கும். அவர் அதன் பின்னால் குப்புறப் படுத்திருந்தார். முகாய் ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனதும், “நிறுத்துங்க” என்றார். “முள்ளங்கிக்கு அடியில ஏதோ கோடு தெரியுது.”

இசோவுக்கு அப்போதுதான் உறைத்தது. சாப்பிட உட்காருபவர் கண்ணுக்குத் தெரியாமல் அடிப்பக்கம் வெட்டிப் பழகிய கை. கீழேயிருந்து பார்க்கிற கண்ணுக்கு மேல்பக்கம் வெட்டியிருக்க வேண்டும். பதினொரு வருஷம் இந்தக் கேமராவுக்குச் சமைத்தவர் அதை மறந்துவிட்டார்.

கடோகுரா எழுந்து வந்தார். மகன் தட்டிலிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தார், கோடு இல்லை. அப்பா தட்டிலிருந்ததைத் திருப்பினார், இருந்தது. முகாய் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார்.

“இவருக்கு மட்டும் ஏன் வெட்டினீங்க?”

இசோ முகாய் பக்கம் திரும்பவில்லை. “இந்த அப்பாவுக்கு அறுபத்திமூணு வயசு. பல்லு எப்படி இருக்கும்? அந்த வீட்டுல சமைக்கிறவங்க வெட்டித்தான் வெப்பாங்க.”

“சமைக்கிறது பையன். அவன்தான் அப்பாகூட பேசுறதே இல்லையே.”

“பேசாதவன் முள்ளங்கி வெட்டக் கூடாதா?”

கடோகுரா அந்தத் துண்டை வாயில் போட்டு மென்றார். பிறகு மகன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து மென்றார். செட்டில் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. முதலாவது சற்று மெத்தென்று, இரண்டாவது நறுக்கென்று. அவர் முகாயின் வாயை ஒருமுறை உற்றுப் பார்த்தார். தெரிந்துகொண்டாரா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

“கோடு அப்படியே இருக்கட்டும். பையன் துண்டை வெட்டாதீங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி கேமராவுக்குப் பின்னால் படுத்தார். “முகாய் சான், முதல் துண்டை எடுக்கும்போது அடிப்பக்கத்தைப் பாருங்க. பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம சாப்பிடுங்க.”

முகாய் பார்த்தார். சாப்பிட்டார். பதினான்கு டேக் போனது. பதினான்குக்கும் இசோ புதிதாக வெட்டி வைத்தார். பல்செட்டு ஒருதடவைகூடக் கழலவில்லை.

விளக்குகளை அணைத்ததும் முகாய் அடுப்புப் பக்கம் வந்து தேநீருக்குக் கையை நீட்டினார்.

“உப்புதான் கொஞ்சம் தூக்கல்.”

“இருபத்தெட்டு துண்டு தின்னா எதுவும் உப்பாத்தான் இருக்கும்” என்று சொல்லி இசோ ஊற்றிக்கொடுத்தார்.