முப்பத்து மூன்று இன்ச் மேடை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஹெப்பகோடியில் நாங்கள் வாங்கிய பழைய ஃப்ளாட்டின் சமையலறையை இடித்தோம். ரெடிமேட் அலமாரி வேண்டாம், தச்சர் கையால் செய்வது என்று முடிவானது.
2. எந்தப் பாணியில் செய்வது என்று மூன்று மாதம் யோசித்தேன். கைப்பிடியே இல்லாத வழவழக் கதவுகள் தள்ளுபடி. பழைய கால வலைக்கதவுகள் தள்ளுபடி. கதவே இல்லாத திறந்த தட்டுகள், ஹெப்பகோடித் தூசியை நினைத்து, உடனே தள்ளுபடி.
3. ஷேக்கர் பாணி தேர்வானது. நான்கு பக்கமும் சட்டம், நடுவில் சற்று உள்ளடங்கிய பலகை, வேறு அலங்காரம் கிடையாது.
4. பதினொரு பச்சைகளைச் சுவரில் பூசிப் பார்த்து, ஏழாவதைத் தேர்ந்தெடுத்தேன்.
5. வரைபடத்தை நானே வரைந்தேன். தச்சர் குறை சொல்லவில்லை. கணவனும் சொல்லவில்லை.
6. கிரானைட் வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, மேடையின் உயரம் தவறு என்று தெரிந்தது.

ஆறாவதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அதற்கு முன் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு தொழிற்சாலையில், நாள் முழுக்க நின்று பொருத்தும் வேலை செய்பவர்களுக்கான மேசைகளை வடிவமைக்கிறேன். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு படிவம் உண்டு. முதல் கேள்வி: இங்கே நின்று வேலை செய்யப்போவது யார்? இரண்டாவது: அவர் முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம்? இவை நிரம்பாத வரைபடம் எதிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. மேசை தாழ்ந்திருந்தால் ஆறு மாதத்தில் இடுப்பு என்ன ஆகும் என்று புதிதாகச் சேர்பவர்களுக்கு வகுப்பெடுப்பவளும் நான்தான்.

எங்கள் வீட்டில் சமைப்பது என் கணவன். அவன் பள்ளி ஆசிரியன், நாலரைக்கு வீட்டில் இருப்பான். நான் வந்து சேர ஏழாகும். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து குழம்பு, ரசம், சப்பாத்தி எல்லாம் அவன் கைதான். எனக்கு டீ போட வரும். அவன் என்னைவிட ஒன்பது இன்ச் உயரம்.

வரைபடத்தில் நான் எழுதியிருந்தது என் முழங்கை உயரம்.

எப்படி எழுதினேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். யோசித்து எழுதவில்லை. ஜன்னலின் கீழ்ப்படி தரையிலிருந்து முப்பத்து மூன்று இன்ச்சில் இருந்தது. டேப்பை எடுத்து என் முழங்கை உயரத்தை அளந்தேன், முப்பத்தெட்டு. நின்று செய்யும் வேலைக்கு வழக்கமாகக் கழிக்கும் ஐந்தைக் கழித்தால் முப்பத்து மூன்று. இரண்டும் ஒன்றாக வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடையின் கல் ஒரே மட்டமாக ஓடி ஜன்னலுக்குள் அப்படியே நுழைந்துவிடும். ஷேக்கர் கதவுகளின் எளிமைக்கு அந்த நேர்கோடு எவ்வளவு பொருத்தம் என்று அவனிடம் இருபது நிமிடம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "அழகா இருக்கும்," என்றான்.

தச்சர் ஆனேக்கல்காரர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். அவரிடம் ஒரு வழக்கம். கீழ்ப்பெட்டிகளை நிறுத்தியதும், கல் வெட்டும் முன், மேலே ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, வீட்டுக்காரர்களை அதில் நிஜமாகவே ஏதாவது சமையல் வேலை செய்யச் சொல்வார். கல்லை வெட்டிவிட்டால் திருத்த முடியாது என்பார்.

அந்தச் சனிக்கிழமை பலகையைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாங்க மேடம். நாலு சப்பாத்தி தேய்ங்க. கை எப்படி நிக்குதுன்னு பாத்துடலாம்."

மாவை அவன்தான் பிசைந்து வைத்திருந்தான். நான் தேய்த்தேன். கை வசதியாக நின்றது. சப்பாத்திதான் நிற்கவில்லை.

தச்சர் குனிந்து பார்த்தார். "இது எந்த ஸ்டேட்டு மேப்பு மேடம்?"

"கர்நாடகாதான்," என்றான் கணவன். "கீழ பாருங்க, ஓசூர் வரைக்கும் இழுத்திருக்கா."

நானும் சிரித்தேன். தச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. இந்த வீட்ல சமையல் யாரு?"

அவன் வகுப்பில் கை தூக்குவது போல ஒரு விரலைத் தூக்கினான்.

"அப்போ நீங்க வாங்க சார்."

அவன் சப்பாத்திக் குழவியை வாங்கிக்கொண்டு பலகை முன் நின்றான். நின்றதும், யாரும் சொல்லாமல், இரண்டு கால்களையும் அகல விரித்தான். ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிக்கும்போது நிற்குமே, அப்படி. பிறகு முதுகை வளைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். வட்டமான சப்பாத்தி வந்தது.

வாடகை வீட்டிலும் அவன் அப்படித்தான் நிற்பான். அது அவன் பாணி என்று நினைத்திருந்தேன். பின்னாலிருந்து ஒரு முறை போட்டோ எடுத்து அவனிடமே காட்டிச் சிரித்திருக்கிறேன். தொழிற்சாலையில் ஒருவர் அப்படி நின்றால் லைனையே நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

தச்சர் அவனுடைய கால்களைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஒந்து நிமிஷ" என்று டேப்பை எடுத்து அவன் முழங்கையை அளந்தார். நாற்பத்து மூன்று.

"சமைக்கிறவர் இவரு. அளவு உங்களுது. ஏன் மேடம்?"

உள்ளங்கையில் காய்ந்த மாவைத் தேய்த்து உதிர்த்தேன். பதினொரு பச்சை பார்த்தவள் நான். கைப்பிடிக்குப் பித்தளையா இரும்பா என்று அட்டவணை போட்டவள். படிவத்தின் முதல் கேள்வியை என் வீட்டில் நான் கேட்கவே இல்லை. சமையல் மேடை என்றதும் என் கை தானாக என் முழங்கைக்குப் போயிருக்கிறது.

தச்சர் பீடி பிடிக்க வெளியே போனார். நான் அவனிடம் கேட்டேன்.

"வரைபடத்தப் பாத்தியே. அளவு எழுதியிருந்தேனே. ஏன் சொல்லல?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

அவன் குழவியில் ஒட்டிய மாவை நகத்தால் சுரண்டினான்.

"நீ தப்பா எழுதுவன்னு நான் எப்படி நினைப்பேன், இன்ஜினியரம்மா? உன் அளவு போட்டிருந்ததப் பாத்ததும், சரி, இனிமே நீ சமைக்கப் போற, நான் வேணாம் போலன்னு நினைச்சேன்."

"நானா? மேப் போடறவளா?"

"சிரிக்காத. அன்னிக்கு உங்கம்மா வந்தாங்கல்ல. 'மாப்பிள்ளைய அடுப்படியில நிக்க வச்சிட்டியேடி'ன்னாங்க. நீ ஒண்ணுமே சொல்லல. உனக்குச் சங்கடமா இருக்குன்னு எடுத்துக்கிட்டேன். புது வீடு, எல்லாரும் வந்து போவாங்க. அதனால மாத்துற போலன்னு."

அம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. நான் பதில் சொல்லாததும் இருந்தது. அப்போது நான் போனில் கதவுக் கீல் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பேசினால் காதில் வாங்காமல் இருப்பது எனக்குச் சிறு வயதுப் பழக்கம். அந்த மௌனத்தை ஒருவன் நான்கு மாதம் சுமந்துகொண்டு, எனக்குத் தினமும் ரசம் வைத்திருக்கிறான்.

"எனக்குச் சங்கடம் கிடையாது," என்றேன். என் காதுக்கே அது போதாததாகக் கேட்டது.

"சரி விடு. இது அப்படியே இருக்கட்டும். எனக்குப் பழக்கம்தான். உன் கோடு அழகா வந்திருக்கு."

நான் டேப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் பின்னால் இருக்கும் யூட்டிலிட்டிக்குப் போனேன். சமையலறை இடித்ததிலிருந்து அடுப்பு அங்கேதான். அவன் காய் நறுக்குவதும் அங்கேதான், வாஷிங் மெஷின் மூடியின் மேல். வாடகை வீட்டிலும் அப்படித்தான். எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். புதுச் சமையலறைக்கு நான் எழுதிய தேவைகள் பட்டியலில் நான்காவது வரியே அதுதான்: "வாஷிங் மெஷின் மேல் காய் நறுக்குவது நிற்க வேண்டும்." தரையிலிருந்து மூடிவரை அளந்தேன். முப்பத்தெட்டு இன்ச். நாற்பத்து மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் வருவது.

வீட்டிலேயே தனக்குச் சரியான உயரத்தில் இருந்த ஒரே இடத்தை அவன் கண்டுபிடித்து வைத்திருந்தான். நான் அதற்குத் தடை எழுதியிருந்தேன். மெஷின் மூடியின் மேல் ஒரு பீன்ஸ் நார் ஒட்டியிருந்தது.

திரும்பி வந்தபோது தச்சரும் வந்திருந்தார். முப்பத்தெட்டு வேண்டும் என்றேன்.

"அஞ்சு இன்ச்சா? அடியில பீடம் கட்டித் தூக்கிடலாம். ஆனா நோடி, பாருங்க மேடம், ஜன்னல் படி கீழ போயிடும். கல்லு ஜன்னலுக்கு முன்னாடி சுவரு மாதிரி நிக்கும். நீங்க ஆசப்பட்ட அந்த ஒரே கோடு ஆகல்ல."

"போகட்டும்."

"கதவு கீழயும் வெறும் பட்டை தெரியும். ஷேக்கர் லுக்கு போயிடும்."

"போகட்டும்ங்க."

"வேணாம்," என்றான் கணவன். "மூணு மாசம் உக்காந்து வரைஞ்சிருக்கா."

தச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், நீங்க நின்னு தேச்சத நான் பாத்தேன். இப்படியே விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது. மேடம் சொன்னதுதான்."

திங்களன்று வரவேண்டிய கல்லை நிறுத்தினேன். அன்றே அம்மாவுக்குப் போன் செய்து, சமையலறையை உங்கள் மாப்பிள்ளை உயரத்துக்கு மாற்றுகிறோம் என்றேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவன் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

"அவர் அளவுக்கா? ஊர் சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும்மா. அவன் சமையல்தான் எனக்குப் பிடிச்சிருக்கு. அவன்தான் சமைப்பான்."

அம்மா வேறு பேச்சுக்குப் போனார். அவன் பூண்டு உரிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தான்.

இப்போதைய நிலை இது. பீடம் கட்டியாகிவிட்டது. பச்சைக் கதவுகளுக்குக் கீழே ஐந்து இன்ச் மரப்பட்டை தெரிகிறது. ஜன்னலின் அடிப்பகுதி மறைந்துவிட்டது. பலகை முன் நின்று அவன் நேற்று சப்பாத்தி தேய்த்தான், கால்கள் சேர்ந்திருந்தன. எனக்கு டீ போட ஒரு முக்காலி வாங்க வேண்டும். காய் இன்னும் வாஷிங் மெஷின் மேல்தான். கல் வியாழக்கிழமை வருகிறது.