சித்தப்பாவுக்காக நான் சொன்ன பதில்

டாக்டர் மருந்துச் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் சித்தப்பாவின் அடிவயிற்றை வரைந்தார். தலைகீழாகப் பிடித்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது சிறுநீர்ப்பை. அதன் காம்பைச் சுற்றி நெல்லிக்காய் அளவில் ஒரு வட்டம். அதுதான் புராஸ்டேட், புற்று அதற்குள்தான் இருக்கிறது, இன்னும் வெளியே பரவவில்லை என்று சொல்லி வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்தார். சித்தப்பா அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்து நாற்காலியில் ரிப்போர்ட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, புரிந்தவன் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது நான்தான். ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ரிப்போர்ட்டில் இருக்கும் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டாமல் படித்துவிடுவேன். இந்த ஒரே தகுதியில் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்துச் சொந்தக்காரர்களின் சர்க்கரை, கொழுப்பு, கிட்னிக் கல் அத்தனையும் எனக்கு மனப்பாடம். போனால் நோயாளி நாற்காலியில் உட்காருவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன், பெண்கள் வெளியே வராந்தாவில் பையைக் காவல் காப்பார்கள். யாரும் போட்ட சட்டம் இல்லை, மீறியவர்களும் இல்லை. டாக்டர்கள்கூட என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சித்தப்பாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. சொந்த டிராக்டரில் ஊராருக்கு உழவு ஓட்டிப் பிழைப்பவர். ஒரு காணி உழுவதற்குள் மூன்று தடவை வண்டியை நிறுத்திவிட்டு வரப்போரம் ஒதுங்குகிறார் என்று கழனிக்காரர்கள் கேலி பேசியபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. காஞ்சிபுரத்தில் ரத்தப் பரிசோதனை, பிறகு சென்னையில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனை என்று இரண்டு மாதம் அலைந்தோம். அதற்கப்புறம் தாம்பரம் பக்கம் இருந்த இந்த டாக்டரிடம் வந்து சேர்ந்தோம்.

வெளியே வராந்தாவில் பையோடு உட்கார்ந்திருந்தவர் சித்தி. சித்தப்பாவின் முதல் மனைவி இறந்து நான்கு வருடம் அவர் தானே பொங்கித் தின்றார். ஐம்பத்திரண்டாவது வயதில், வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்த, கணவனை இழந்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். இந்த வயதில் கல்யாணமா என்று நாங்கள் எல்லோருமே முகம் சுளித்தோம். என் அப்பா தாலி கட்டும் நேரத்துக்கு வந்து நின்றுவிட்டுச் சாப்பிடாமல் போனார். சமைத்துப் போட ஓர் ஆள் வேண்டும், அதற்காகத்தான் என்று ஊருக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். சொல்லிச் சொல்லி, அதை நாங்களே நம்பியும்விட்டோம்.

இரண்டு வழி இருக்கிறது என்றார் டாக்டர். ஒன்று ஆபரேஷன், மற்றது கதிர்வீச்சு; எங்கள் பக்கத்தில் அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். சித்தப்பாவின் நிலைமையில் உயிருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காவல்தான். ஆபரேஷன் என்றால் அந்த நெல்லிக்காயை முழுசாக எடுத்துவிடலாம், பின்னால் தேவைப்பட்டால் கரண்ட் வைக்கவும் இடம் இருக்கும். ஆனால் சில மாதம் சிறுநீர் கசியும், சிலருக்கு நிற்காமலே போகலாம். கரண்ட் என்றால் கத்தி படாது. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் என்று பல வாரம் வர வேண்டும், வயிறு படுத்தும், பிறகு ஆபரேஷன் செய்ய நேர்ந்தால் கடினம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு சித்தப்பா பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டார்.

“மனைவியோட உறவெல்லாம் எப்படி இருக்கு? ஆபரேஷன்ல அதுக்கான நரம்பு பாதிக்கப்படலாம். கதிர்வீச்சுலயும் பாதிப்பு வரும், ஆனா மெல்ல வரும். உங்களுக்கு அது முக்கியம்னா சொல்லுங்க.”

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். வயசாயிடுச்சு. உயிர்தான் முக்கியம்.”

என் அப்பாவின் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அந்தப் பேச்சு அறையில் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது என்பதுதான் என் கவலை. அவர் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகக்கூட நினைத்தேன். டாக்டர் சித்தப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தார். சித்தப்பா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினார். அப்படியானால் ஆபரேஷனே செய்துவிடலாம் என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

ஊருக்கு வந்தால் ஆளுக்கொரு யோசனை. கத்தி பட்டால் காற்றுப் பட்டு நோய் உடம்பெல்லாம் பரவும் என்றார் ஒரு மாமா. கரண்ட் வைத்தால் குடல் கருகிவிடும் என்றார் இன்னொருவர். அறுத்துக் கடாசிவிட்டால் பேஜார் விட்டது என்று என் அப்பா முடித்துவைத்தார். நானும் டாக்டர் சொன்னதை ஒரு தடவை ஒப்பித்து அதற்கு முத்திரை குத்தினேன். நவரைப் பட்டத்து நெல் அறுப்பு முடிந்ததும் ஆபரேஷன் என்று தேதி வாங்கினேன். சித்தி எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சித்தப்பாவைக் கேட்டதற்கு, நீ சொன்னால் சரிதான் என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு மத்தியான வேளை, கல்லூரி அலுவலக வாசலில் சித்தி வந்து நின்றார். உத்திரமேரூரில் பஸ் ஏறி, காஞ்சிபுரத்தில் மாறி, விசாரித்து விசாரித்துத் தனியாக வந்திருந்தார். சித்தப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குப் பதறியது. வேப்பமரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போனேன். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“டாக்டர் அவர இன்னாமோ கேட்டாராமே. நீங்க இன்னா தம்பி சொன்னீங்க?”

 உயிர்தான் முக்கியம் என்று சொன்னேன், வேறொன்றும் இல்லை என்று இழுத்தேன்.

“ஒரு மாசமா என் மூஞ்சப் பாக்காமச் சோறு துன்றாரு. நேத்துதான் கேட்டு வாங்கினேன். தனக்கு வயசாயிடுச்சாம், பையன் சொல்லிட்டான்னு சொல்றாரு. உசுரு முக்கியம்னு எனக்குத் தெரியாதா? ஒரு புருசன மண்ணுல வச்சிட்டு வந்தவ நானு. அது இல்லாட்டிப் போவுது, நீ நல்லாக் கீறதே போதும்னு நானே அவராண்ட சொல்லியிருப்பேன். ஆனா அத நாங்க ரெண்டு பேரும் பேசிக்கினு சொல்லணும். சமைச்சுப் போடவா என்னக் கூட்டிக்கினு வந்தாரு? எங்க வூட்டுக்குள்ள நடக்கறதுக்கு நீங்க எப்படிப் பதில் சொல்லலாம்?”

அவர் குரல் உயரவே இல்லை. எனக்குக் காது மடல் சுட்டது. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மன்னிப்புக் கேட்கத் தோன்றாமல், மறுபடியும் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். வாங்குங்கள், இந்தத் தடவை நான் உள்ளே போகிறேன் என்றார்.

மூன்று பேரும் போனோம். அவர்கள் இருவரும் அறைக்குள் போக, நான் வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரைமணி நேரம் ஆயிற்று. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். உள்ளே என்ன பேசுகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்பது எனக்கு அந்த நாற்பது வயதில்தான் தெரிந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் எத்தனை வராந்தாக்களில் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே வந்த சித்தி, கரண்ட்டே வைத்துக்கொள்கிறோம் என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கரண்ட் வைத்த ஏழு வாரமும் சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நாளும் கரண்ட் வைக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டுமாம். ஒரு சால் ஓட்டும் வரை அடக்க முடியாத மனுஷனைத் தண்ணீரைக் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் அடக்கி வை என்றால் என்ன செய்வார்? முதல் வாரத்தில் இரண்டு தடவை வேட்டியை நனைத்துக்கொண்டார். சித்தி மாற்று வேட்டி கையோடு வைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னும் பத்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். வயிற்றுப்போக்கில் சித்தப்பா பாதியாக இளைத்தார். டிராக்டரை வேறொருவன் ஓட்டினான். தினமும் ஜோடியாக பஸ் ஏறுவதைப் பார்த்துப் புது மாப்பிள்ளை கிளம்பிவிட்டார் என்று டீக்கடையில் கிண்டல் செய்தார்கள். அதற்கு சித்தப்பா சிரித்தார் என்று கேள்விப்பட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான்கு வருடம் ஓடிவிட்டது. ரத்தப் பரிசோதனைக்கு இப்போதும் அவர்கள் இருவருமே போய் வருகிறார்கள். ரிப்போர்ட்டில் புரியாத வரி இருந்தால் மட்டும் போனில் படம் அனுப்புகிறார்கள். இதுவரை நல்லபடியாகத்தான் இருக்கிறது. போன மாதம் எங்கள் கழனிக்கு உழவு ஓட்ட வந்திருந்தார். வண்டி சூடு ஆறட்டும் என்று வரப்பில் உட்கார்ந்திருந்தபோது, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். அன்றைக்கு டாக்டர் அறையிலேயே இல்லைடா என்று ஒரு வார்த்தை சொல்லி என்னைத் தடுத்திருக்கலாமே என்றேன். அவர் சேற்றுக் காலைப் புல்லில் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

“உன் எதிர்ல எனக்கு அது வேணும்னு சொல்றதவிட, அறுத்துக்கறது சுலுவா இருந்துச்சுடா.”

சித்தி அன்றைக்கு பஸ் ஏறி வராமல் இருந்திருந்தால், அவர் பேசாமல் போய் ஆபரேஷன் மேஜையில் படுத்திருப்பார். அதுவும் நல்ல சிகிச்சைதான், பிழைத்தும் இருப்பார். ஆனால் நான் கூச்சப்பட்டேன் என்பதற்காகப் படுத்திருப்பார்.